துக்கத்துக்கு நேரமில்லாத படம்

கெய்இச்சி சுகியாமா இயக்கி 2006-இல் வெளிவந்த ஜப்பானியச் சித்திரப்படம் ‘ஒரிஜின்’. நிலவில் மனிதன் நடத்திய மரபணுச் சோதனையில் பிரக்ஞை பெற்ற தாவரங்கள் பூமியை அழிக்கின்றன. 300 ஆண்டுகளுக்குப் பின், உடைந்த நிலவின் கீழே, தண்ணீருக்காகக் காட்டின் தயவை நாடி ஒரு நகரம் வாழ்கிறது. பழைய உலகிலிருந்து உறக்கத்திலேயே வந்து சேர்ந்த தூலாவைச் சிறுவன் அகிதோ எழுப்பிவிடுகிறான்.

இதைவிட வலுவான ஆரம்பம் தேவையில்லை. தூலாவுக்கு அழிவு நேற்று நடந்தது. மற்றவர்களுக்கு அது புராணம். இரண்டு காலங்கள் ஒரே தெருவில் நடக்கின்றன. ஆனால் படம் இந்த முரணில் தங்குவதேயில்லை. காட்டை அழித்துப் பழைய உலகை மீட்கலாம் என்று ஷுனாக் சொன்னதும் அவள் அவனோடு போய்விடுகிறாள். அவள் இழந்தது நமக்கு அனுபவமாகுமுன்பே முடிவு வந்துவிடுகிறது. பிறகு பெரும்பாலும் இயந்திரங்கள், வெடிப்புகள், ஓட்டம்.

காட்டிடம் சக்தி பெற்றவன் மெல்ல மரமாகிப் போவான். அகிதோவின் தந்தைக்கு நேர்வது அதுதான். மனித காலம் தாவர காலமாக உறையும் இந்தப் படிமம் ஒன்றே முழுப்படத்தையும் தாங்கியிருக்கும். மகனும் மரமாகிறான், படம் முடிவதற்குள் மனிதனாக மீட்கப்படுகிறான். விலை கொடுக்கப்படாத தியாகம் வெறும் அலங்காரம்.

மியாஸகியின் ‘நவ்சிக்கா’விலும் (1984) மனிதனை விரட்டும் காடு உண்டு. அதன் அடியில், தூய மணலில், நாயகி மௌனமாக அழுகிறாள். கதை அவளுக்காகக் காத்திருக்கிறது. அந்தக் காத்திருப்பில்தான் காடு நமக்குப் புரிகிறது. சுகியாமாவின் காடு மிக அழகாக வரையப்பட்ட பின்திரை.

தூலாவின் துக்கத்துக்குப் பத்து நிமிஷம் தரமுடியாத படத்துக்கு, 300 ஆண்டுகளைப் பற்றிப் பேச என்ன உரிமை இருக்கிறது?