‘பரியேறும் பெருமாள்’: இறுதிக் காட்சியும் பார்வையாளர் ஏற்பும்

மாரி செல்வராஜ் இயக்கத்தில் 2018 செப்டம்பரில் வெளிவந்த ‘பரியேறும் பெருமாள்’ படத்தின் இறுதிக் காட்சி, பார்வையாளரை இரு தரப்பாக்கியது. பகையின்றி உரையாடும் நிதானத்தை ஒரு தரப்பினர் போற்றினர்; அதனைச் சமரசம் என்று மற்றொரு தரப்பினர் குறை கூறினர். இவற்றுள் குறையைவிடப் பாராட்டே கூடுதல் ஆய்வுக்குரியது.

பரியன் ஜோவின் தந்தையை மன்னிப்பதாகப் படத்தில் எங்கும் இல்லை. நாளை மாறலாம் என அவர் நழுவும்போது, அவர் தரப்பு மாறாதவரை எதுவும் மாறாது என்பதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறான். திருமண வீட்டில் அடிபட்டு, சிறுநீரால் இழிவுபடுத்தப்பட்ட மாணவன், உயிரோடிருந்து சட்டம் படித்து முடிக்கக் கைக்கொண்ட நிதானம் அது. ‘வெறுப்பற்ற படம்’ எனப் புகழ்வோர், தாக்கப்பட்டவனிடமே பொறுமையையும் எதிர்பார்க்கின்றனர்.

எனினும் சமரசம் என்ற குற்றச்சாட்டில் ஓர் உண்மை உண்டு. அது ஜோவின் பாத்திரப் படைப்பில் உள்ளது. தன் உறவினர் செய்த கொடுமையை அவளிடம் யாரும் சொல்வதில்லை. பரியன் அவளைக் காக்க மௌனம் கொள்கிறான். தந்தையோ தன்னைக் காத்துக்கொள்ள. இரண்டும் சேர்ந்து, சட்டம் பயிலும் ஒரு பெண்ணை ஏதுமறியாக் குழந்தையாகவே நிறுத்துகின்றன. காதலை உரக்கச் சொல்லாத படத்தின் அடக்கத்திற்கு அவள் கொடுக்கும் விலை இது.

அருகருகே நிற்கும் இரு தேநீர்க் குவளைகளை இரட்டைக் குவளை முறைக்கான மறுப்பாக வாசிப்பது பொருத்தமே. ஆனால் அவற்றுக்கிடையே கிடக்கும் பூவைச் சமத்துவக் குறியீடென்போர், அப்பூவுக்குரியவள் அந்த உரையாடலில் ஏன் இல்லை என்று கேட்பதில்லை.