சொல்லைப் பாடிய வரேசி

பாடகனைக் குரலின் இனிமை கொண்டே மதிப்பிடும் பழக்கம் இத்தாலிய ஒபெரா ரசிகர்களிடமும் இருந்தது. அந்த அளவுகோலுக்குள் அடங்காதவர் பெலிச்சே வரேசி (1813–1889). ஆண் குரல்களில் நடுத்தரமான பாரிடோன் வகையினர். பிரான்சின் கலே நகரிற் பிறந்து, இத்தாலிய மேடைகளிற் புகழ்பெற்று, மிலானில் மறைந்தார்.

ஷேக்ஸ்பியரின் 'மக்பெத்'தை வெர்டி ஒபெராவாக்க முனைந்தபோது, தலைமைப் பாத்திரத்துக்கு வரேசியே வேண்டுமென்று பிடிவாதமாக நின்றார். முதலில் சொல்லையும் சூழலையும் படியுங்கள், இசை தானாக வரும் என்ற பொருள்பட அவருக்குக் கடிதமும் எழுதினார். (கவிதையை இராகமிழுத்து வாசித்துப் பொருளைத் தொலைக்கும் மாணவர்களுக்கும் இதைச் சொல்லலாம்.) 1847 மார்ச் 14இல் புளோரன்ஸில் ஒபெரா அரங்கேறியது. கொலை நடந்த இரவில் கணவனும் மனைவியும் அடங்கிய குரலிற் பாடும் காட்சியை நூற்றைம்பது தடவைகளுக்கு மேல் ஒத்திகை பார்த்ததாக உடன் பாடிய பார்பியேரி-நினி பின்னர் நினைவுகூர்ந்தார். எண்ணிக்கையில் மிகை இருக்கலாம்.

1851இல் வெனிஸின் லா பெனிச்சே அரங்கில் 'றிகோலெட்டோ'. கூனனான அரசவை விகடன், கூலிக்கொலைஞன் ஒருவனைச் சந்தித்தபின் அவன் கத்தியையும் தன் நாவையும் ஒப்பிட்டுத் தனக்குள் பேசுகிறான். அங்கே ஒழுங்கான மெட்டு இல்லை. தன்னிரக்கம், ஏளனம், சாபத்தின் அச்சம் என்று இசை சொல்லுக்குச் சொல் திரும்புகிறது. குரலை மட்டும் நம்பியவன் இங்கே தோற்றுப்போவான். வரேசியின் ஒலிப்பதிவு எதுவுமில்லை. அவர் எத்தகைய கலைஞர் என்பதற்கு எனக்கு இப்பகுதியே சாட்சி.

அதே அரங்கில் 1853 மார்ச் 6இல் 'லா ட்ராவியாட்டா' தோல்வி கண்டது. காதலனின் தந்தை ஜெர்மோனாகப் பாடிய வரேசி, பாடகர்களின் திறனைப் பயன்படுத்த வெர்டிக்குத் தெரியவில்லை என்று கடிதமொன்றிற் சாடினார். இதை வெறும் தற்பெருமை என ஒதுக்குவோருடன் நான் உடன்படவில்லை. அவர் குரல் அப்போது தளர்ந்திருந்தது உண்மையே. ஆயினும் மகனை ஊருக்கு அழைக்கும் ஜெர்மோனின் பாட்டு நீண்டு இழையும் மெல்லிசை. சொல்லுக்குச் சொல் குரலை மாற்றும் கலைஞனுக்கு அதில் இடம் குறைவு.

1854 மே மாதம் வெனிஸின் இன்னோர் அரங்கில் கொலெட்டி ஜெர்மோனாகப் பாட, அதே ஒபெரா வெற்றி பெற்றது. அந்த வெற்றியைக் காட்டி வரேசியைக் குறைத்துப் பேசுவோர், இடையில் ஜெர்மோனின் பகுதிகளையும் வெர்டி திருத்தினார் என்பதைச் சொல்ல மறந்துவிடுகின்றனர்.