வாயில் நேர்தலும் மறுத்தலும்

கணவனும் மனைவியும் தம் கூட்டத்தையும் உடல்நிலையையும் குறித்து வெளிப்படப் பேசுதல் தமிழ் மரபன்று என்பர் ஒருசாரார். கற்பியற் பாடல்களில் தோழியும் பாணனும் இடைநின்று பேசுதலை அதற்குச் சான்றாகவும் காட்டுவர். இது பாதி உண்மையே. இடைநிற்பார் வழிப் பேசுதல் பேசாமை ஆகாது. அதுவும் பேச்சின் ஒரு வகையே. அவ்வகையின் ஆற்றலும் எல்லையும் ஈண்டு ஆராயப்படும்.

தொல்காப்பியர் கற்பியலில் தோழி முதலாகக் கண்டோர் ஈறாகப் பன்னிரு வாயில்களை எண்ணுகின்றார். பரத்தையிற் பிரிந்த தலைவனும் மனைவியின் பூப்பினை அடுத்த பன்னிரு நாள் அவளை நீங்கி உறைதல் ஆகாது என்பதும் அவ்வியலின் விதி. இவ்விதி நிறைவேற வேண்டுமாயின் பூப்பெய்திய செய்தி தலைவனை எட்டுதல் வேண்டும். அதனைச் சொல்லால் உரையாது நிறத்தால் உரைக்கும் முறையைத் திருக்கோவையாரிலும் நம்பியகப்பொருளிலும் காண்கின்றோம். சேடி செவ்வணி அணிந்து தலைவன் உள்ள இடம் செல்வாள்; அவன் குறிப்பறிந்து மீள்வான். மகப்பேற்றுக்குப் பின்னர் வெள்ளணி அவ்வாறே தூதாகும்.

இம்முறை நாணினைக் காத்தது என்று போற்றுவர். முழுதும் காத்ததா? தெருவிற் செல்லும் செவ்வணியை ஊரார் அனைவரும் காண்பர். அயலார் அறிந்தமைக்குத் தலைவி வருந்துவதாகத் திருக்கோவையாரிலேயே ஒரு துறை உண்டு. கணவனிடம் நேரிற் கூற நாணிய செய்தி ஊர் அறிந்த செய்தியாயிற்று. இம்முரணை மரபே உணர்ந்திருந்தது என்பது நோக்கத்தக்கது.

இனி, ஔவையார் பாடலொன்றை நோக்குவோம். இவர் பாடியனவாகக் கிடைப்பன 59. அவற்றுள் 33 புறநானூற்றில் உள்ளன. தகடூர் அதியமானைப் பாடிய புலவர் என்றே இவரைப் பலரும் அறிவர். தகடூரே இன்றைய தருமபுரி. ஆயினும் அகத்திலும் அவ்வூர் அரசனை இவர் மறந்திலர். குறுந்தொகை 91-இல், பரத்தையிற் பிரிந்து மீண்ட தலைவன் வாயில் வேண்டி நிற்க, தலைவியின் நெஞ்சு நெகிழ்கின்றது. நெகிழ்ந்த நெஞ்சினை அவள் கடிகின்றாள். இத்தகையானுக்கு மனைவியாக இருப்பின் துயர் பலவாகும், துயிலும் நாள் சிலவாகும் என்பது அவள் கூற்றின் கருத்து. துயிலாமைக்கு உவமையாவது அஞ்சியின் போர்முனையில் இரவைக் கழிக்கும் ஊர்.

மனையறத்தின் இரவுக்குப் போர்முனையின் இரவு உவமையாயிற்று. மகிழ்ச்சிக்குரிய பள்ளி அச்சத்துக்குரிய முனையாக மாறிற்று என்பதைத் தகடூர்ப் போரை அறிந்த புலவர் ஒருவரே இத்துணைச் சுருக்கமாகக் கூற இயலும். எனினும் இக்கூற்றைக் கேட்பவர் யார்? நெஞ்சே. வாயிற்கண் நிற்கும் தலைவன் கேட்டானல்லன். கேட்க வேண்டியவனை விட்டு நெஞ்சினிடம் பேச நேர்ந்தமையே பாடலின் அவலம்.

திருவள்ளுவரின் புலவி நுணுக்கத்தில் நிலைமை வேறு. யாவரினும் காதலுடையோம் என்றான் தலைவன். யாரினும் என வினவி ஊடினாள் தலைவி. இப்பிறப்பிற் பிரியோம் என்றான். மறுபிறப்பை எண்ணிக் கண்ணீர் உகுத்தாள். இங்கே சொல்லும் மறுசொல்லும் நேர்நிற்கின்றன, வாயிலுக்கு வேலையில்லை. ஆதலின் கணவனும் மனைவியும் நேர்நின்று பேசுதல் தமிழ் மரபுக்குப் புறம்பென்றல் பொருந்தாது.

மற்றொன்றும் உண்டு. அகத்துறைகள் வாயில் நேர்தலோடு வாயில் மறுத்தலையும் வகுத்தன. மனைவி கணவனை மறுக்கலாம் என்பதற்கு இலக்கணம் பெயரிட்டு இடம் தந்துள்ளது. கற்பினைப் பணிதல் என்றே விளக்குவோர் இத்துறையை விரைந்து கடந்து செல்கின்றனர்.

இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நிற்பதன்று. பால்வினை நோயுற்ற ஒருவர் மட்டும் மருந்துண்ணின் அந்நோய் மற்றவரிடமிருந்து மீண்டும் தொற்றும். ஆதலின் இருவரும் மருத்துவம் பெறல் வேண்டும். மகப்பேறின்மைக்குக் காரணம் கணவனிடத்தும் இருக்கலாம்; சோதனை இருவர்க்கும் வேண்டும். இவற்றை எந்தச் செவ்வணியும் உணர்த்தாது. மரபின் பெயரால் வாய்மூடியிருத்தலை வற்புறுத்துவோர்க்கு மரபு துணையாகாது. நெஞ்சினிடம் தலைவி கூறியதைத் தலைவன் கேட்டிருப்பின் தகடூர் முனை அவள் இரவுக்கு உவமையாகியிராது.