தேரை இல்லாத கல்

மாமல்லபுரத்தில் ஐந்து ரதங்களுக்குப் போகும் வழியெல்லாம் உளிச் சத்தம். நாவல் எழுதத் தொடங்கிய நாட்களில் அங்கே ஒரு பட்டறையில் போய் உட்கார்ந்திருப்பேன். ஒருநாள், புதிதாக வந்து இறங்கிய கருங்கற்களைப் பெரியவர் ஒருவர் சுத்தியலால் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டார். வெண்கல மணிபோல் ஒலித்த கல்லைத் தனியே வைக்கச் சொன்னார். பார்வைக்கு அதைவிட அழகாக இருந்த இன்னொன்றை ஒதுக்கிவிட்டார். “உள்ள தேரை இருக்கு தம்பி. மூக்கு வைக்கிறப்போ தெரிஞ்சா என்ன பிரயோசனம்?” என்றார். கல்லுக்குள் ஒளிந்திருக்கும் குறையைத்தான் தேரை என்றார்.

நாவல் கலையில் எனக்குக் கிடைத்த முதல் பாடம் அது. நம் நாவல் மரபின் பள்ளிகளைப் பற்றி இம்மலருக்கு எழுத உட்கார்ந்தபோதும் அந்தச் சுத்தியல் ஓசைதான் முதலில் கேட்டது.

1879இல் வெளிவந்த வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தில் தொடங்கிய நம் நாவல், பல வழிகளில் கிளை பிரிந்தது. இந்தக் கரைக்கு மிக நெருக்கமானது கல்கியின் வழி. ‘சிவகாமியின் சபத’த்தின் கரு, ரசிகமணி டி.கே.சி.யோடு மாமல்லபுரத்துக் கடற்கரையில் இருந்தபோது மனத்தில் எழுந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். 1944 முதல் 1946 வரை ‘கல்கி’யில் அது தொடராக வந்தது.

தொடர்கதையின் கஷ்டத்தை அறிய வேண்டுமானால் பிடாரி ரதங்களைப் பார்க்க வேண்டும். மேற்பகுதி துலங்கியிருக்க, அடிப்பகுதி இன்னும் பாறையாகவே நிற்கிறது. உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கி வந்திருக்கிறார்கள். மேலே பெயர்ந்த சில்லைத் திரும்ப ஒட்ட முடியாது. போன வாரம் அச்சேறிய அத்தியாயமும் அப்படித்தான். கல்கி இன்னும் பெரிய சோதனையை மேற்கொண்டார். 1941இல் தொடங்கிய ‘பார்த்திபன் கனவி’ல் மாமல்லரை, வளர்ந்த மகள் குந்தவியோடு முதலில் காட்டிவிட்டார். அவருடைய இளமைக் காதலை அதற்குப் பிறகுதான் ‘சிவகாமியின் சபத’த்தில் எழுதினார். அந்தக் காதல் கைகூடாது என்று முந்தைய நாவலைப் படித்தவர் ஊகிக்கலாம். அப்படியிருந்தும் நான்கு பாகங்களையும் நெஞ்சு பதைக்கப் படிக்க வைத்தார். அடுத்து என்ன நடக்கும் என்ற ஆவலைவிட, ஏன் இப்படி நேர்ந்தது என்ற வேதனை வலியது என்று அவர் அறிந்திருந்தார்.

அஜந்தாவின் அழியா வண்ண இரகசியத்துக்காக ஆயனச் சிற்பி ஏங்குகிறார். அந்த ஏக்கம்தான் பரஞ்சோதியைப் பயணம் போக வைக்கிறது. தொழில்மேல் ஒருவருக்குள்ள வெறியையே கதையின் அச்சாணியாக்கியது பெரிய கைத்திறன்.

கல்கி மறைந்து 8 ஆண்டுகள் கழித்து, 1962இல், இரா. நாகசாமி மாமல்லபுரத்துச் சின்னங்கள் மாமல்லர் காலத்தவை அல்ல, அவருக்குப் பின்வந்த இராஜசிம்மன் காலத்தவை என்று வாதிட்டார். அறிஞர்களிடையே விவாதம் இன்றும் ஓயவில்லை. வரலாற்று முடிவு மாறலாம். ஆயனரின் ஏக்கம் மாறாது. அந்த ஏக்கம் மெய்யானதால் நாவல் நிற்கிறது.

இரண்டாவது, ஆவணத்தின் வழி. இதே கடற்கரையில் தெற்கே போனால் புதுச்சேரி. அங்கே 1736 முதல் 1761 வரை ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதினார். அதை வைத்துப் பிரபஞ்சன் ‘மானுடம் வெல்லு’மும் ‘வானம் வசப்படு’மும் எழுதினார், பின்னதற்கு 1995இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. துபாஷியான பிள்ளையின் கண்ணில் பட்டதோடு நிற்காமல், தேவதாசிகளுக்கும் எளியவர்களுக்கும் குரல் கொடுத்தார். ஏடு சொன்னதைத் திருப்பிச் சொல்வது நாவலாசிரியன் வேலையன்று. ஏடு சொல்லாமல் விட்டவர்களைத் தேடிப் போவதே அவன் வேலை.

மூன்றாவது, களத்தின் வழி. ராஜம் கிருஷ்ணன் உப்பளத் தொழிலாளர்களிடையே சென்று தங்கி ‘கரிப்பு மணிகள்’ எழுதினார். வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’, ஜோ டி குருஸின் ‘கொற்கை’ என்று நெய்தல் வாழ்வு நாவலானது இவ்வழியில்தான்.

நான் இடறியதும் இங்கேதான். சதுரங்கப்பட்டினத்துக் கரையை வைத்து ஒரு நாவல் தொடங்கி, எண்பது பக்கம் எழுதி முடித்திருந்தேன். மீன் விற்கும் ஓர் அம்மாளிடம் ஒரு பகுதியைப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “நல்லாத்தான் இருக்கு. ஆனா நாங்க இப்படிப் பேச மாட்டோம்பா” என்றார். தென்கரை நாவல்களில் நான் விரும்பிப் படித்த பேச்சை, எனக்கே தெரியாமல் இந்தக் கரைக்குக் கடன் வாங்கியிருந்தேன். ஒரு சொல்லை மாற்றினால் தீரும் பிழை இல்லை அது. தேரை உள்ளே இருந்தது. எண்பது பக்கத்தையும் எடுத்து வைத்துவிட்டு, விடியற்காலையில் வலை கரை சேரும் இடத்தில் போய் நின்றேன்.

எந்தப் பள்ளியானாலும் அளவுகோல் ஒன்றே: தட்டினால் முழு ஓசை வருகிறதா? கல்கியின் வீரத்திலும் பிரபஞ்சனின் ஏட்டிலும் ராஜம் கிருஷ்ணனின் உப்பிலும் அந்த ஓசை கேட்கிறது. நடையழகு அதற்கு ஈடாகாது. ஆராய்ச்சிக் குவியலும் ஈடாகாது.

நம் மாவட்டத்தில் கல்லுக்குப் பஞ்சமில்லை. மதுராந்தகம் ஏரியை நம்பி விதைக்கும் வயல்கள், செய்யூர் உப்பளங்கள், 2022இல் மறைமலை நகரில் உற்பத்தி நின்றுபோன கார் ஆலையின் வாசலிலிருந்து வீடு திரும்பிய தொழிலாளிகள் என்று எத்தனையோ கிடக்கின்றன. எழுத வரும் இளையவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உளியை எடுக்குமுன் காதைச் சாய்த்துக் கேளுங்கள்.