ஊர்க்காரர் சொன்னால் போதுமா?

திருப்போரூர், திருக்கழுக்குன்றம் பக்கம் மனைப் பிரிவு போடுகிறவர்கள் பலர் முதலில் தேடுவது உள்ளூர்க்காரர் ஒருவரைத்தான். கோயில் திருவிழாவுக்கு நன்கொடை, பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டு என்று ஊரோடு உறவு வளர்கிறது. பிறகு சென்னையிலிருந்து வேனில் வந்து இறங்குகிறவர்களுக்கு அந்த உள்ளூர்க்காரரே இடத்தைக் காட்டுகிறார். "நம்ம ஊர் இடம் சார், நான் இருக்கேன்" என்ற சொல்லை நம்பி அட்வான்ஸ் கைமாறுகிறது.

இதை வெறும் வியாபாரத் தந்திரம் என்று தள்ள நான் தயாரில்லை. ஐப்பசி மழையில் எந்த மனையில் தண்ணீர் நிற்கும், ஏரி கலங்கல் பாய்ந்தால் எந்தப் பக்கம் வடியும், பாகப்பிரிவினையில் கையெழுத்துப் போடாத மகள் எங்கே வாழ்க்கைப்பட்டிருக்கிறாள் என்பதெல்லாம் ஊருக்குத் தெரியும். பதிவான பத்திரங்களை மட்டும் காட்டும் வில்லங்கச் சான்றுக்குத் தெரியாது.

ஆனால் அந்த உள்ளூர்க்காரர் தெரிந்ததைச் சொல்வாரா? இடம் விற்றால்தான் அவருக்குக் கமிஷன். மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு தரும் சட்டத்தைத் தமிழ்நாடு 1989-லேயே கொண்டுவந்தது. அந்த மகளைப் பற்றி வாங்குபவரிடம் வாய் திறந்தால் வியாபாரம் நின்றுவிடும்.

இன்னும் பெரிய கேள்வி, ஊர் என்பது யார்? செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கைதான் பஞ்சமி நிலங்களுக்கு வித்திட்டது. ஒடுக்கப்பட்டோருக்கு ஒப்படைத்த அந்த நிலத்தைப் பத்தாண்டுகள் விற்கக் கூடாது. பின்னரும் அம்மக்களுக்குள்தான் விற்கலாம் என்பது நிபந்தனை. மாமல்லபுரத்தை அடுத்த காரணையில் 1994-இல் கைமாறிப்போன பஞ்சமி நிலத்தை மீட்க அம்மக்கள் போராடினார்கள். அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். ஊர்ப் பெரியவரின் உத்தரவாதத்தில் அம்மக்கள் வாழும் காலனியின் சாட்சியம் சேர்வதே இல்லை.

ஊர் உறவு தகவலுக்கு உதவும், உத்தரவாதத்துக்கு உதவாது. அதற்குச் சட்டம் இருக்கிறது. 500 சதுர மீட்டரைத் தாண்டும் மனைப் பிரிவுகளை ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிய வேண்டும். அவற்றை விற்றுத்தரும் முகவரும் பதிந்திருக்க வேண்டும். எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் பதிவு எண்ணைக் கேளுங்கள். பஞ்சமி நிலமா என்று அறிய, தாலுகா அலுவலகத்தில் பழைய 'அ' பதிவேட்டைப் பாருங்கள். அழைத்துவந்தவர் இல்லாமல், மழைக்காலத்தில் ஒருநாள் தனியாகப் போய் ஊரிலும் காலனியிலும் விசாரியுங்கள்.