போர்டைக் கழற்றும் இடம்

போனக்காட்டுத் தேயிலைத் தோட்டச் சரிவுகளில் பெய்யும் மழை கரமனை ஆற்றில் சேர்ந்து, பேப்பாறை அணையில் தேங்கி, அருவிக்கரை வழியாகத் திருவனந்தபுரத்துக் குழாய்களுக்கு வருகிறது. எனவே தண்ணீரில் குளிரும் சர்வர் என்று சொன்னதும், இது ஆற்றையே குடித்துவிடுமோ என்ற சந்தேகம் இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு வருவது இயல்புதான். ஆனால் அந்தச் சந்தேகம் ஆள் மாறி விழுகிறது. சர்வருக்குள் ஓடுவது மூடிய சுற்று. துருப்பிடிக்காமலும் பாசி பிடிக்காமலும் இருக்க மருந்து கலந்த அதே தண்ணீர்தான் திரும்பத் திரும்ப வலம் வரும். தண்ணீரைக் குடிப்பது மொட்டை மாடியில் நிற்கும் கூலிங் டவர். உள்ளே அனுப்பும் தண்ணீர் 40 டிகிரி சூட்டில் இருந்தாலே போதும் என்றால் அந்த டவரும் தேவையில்லை. கோடையிலும் இந்த ஊர்க் காற்று அதைவிடக் குளிர்ச்சி. விசிறி வைத்த ரேடியேட்டரே சூட்டை வெளியே தள்ளிவிடும். இன்னொரு லாபமும் உண்டு. கடலோர ஈரக்காற்றில் சில்லென்ற குழாய் வியர்க்கும், வெதுவெதுப்பான குழாய் வியர்க்காது. மின்சுற்றுக்கு மேலே ஓடும் குழாய்க்கு இது சின்ன விஷயமில்லை.

அதே கன அளவுக் காற்றைவிடத் தண்ணீர் சுமார் 3,500 மடங்கு வெப்பத்தைச் சுமக்கும். எனவே குளிரூட்டலில் தண்ணீரின் பக்கம்தான் நியாயம், அதில் எனக்கு மறுபேச்சில்லை. திருச்சி என்ஐடியில் 2022 மே மாதம் தொடங்கிவைக்கப்பட்ட 838 டெராஃப்ளாப் ‘பரம் பொருள்’ கணினியும் நேரடித் திரவக் குளிரூட்டலில்தான் ஓடுகிறது. கேள்வி எழுவது வேறோர் இடத்தில். உள்ளே ஒரு சிஸ்டம் போர்டு செத்துப்போனால் என்ன செய்வது?

லெனோவோவின் எஸ்டி650 வகை சர்வரையே எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியின் சூப்பர்மக்-என்ஜி கணினி இந்த வகையைக் கொண்டு கட்டப்பட்டது. ஒரே ட்ரேயில் பக்கம் பக்கமாக இரண்டு நோடுகள், அதாவது இரண்டு தனிக் கணினிகள். இரண்டுக்கும் சேர்த்து ஒரே செம்புக் குழாய்ச் சுற்று. அது பிராசஸர்களின் தலைமேல் தகடாகப் படிந்து, மெமரி வரிசைகளின் இடுக்கிலும் புகுந்து போகிறது. போர்டை எடுக்க வேண்டுமானால் ட்ரேயை இழுத்து, மூடியைக் கழற்றி, மெமரியை ஒவ்வொன்றாக எந்த இடத்தில் இருந்தது என்று குறித்துக்கொண்டு உருவி, டிஸ்க்குகளையும் கேபிள்களையும் விலக்கியான பிறகுதான் குழாய்ச் சுற்றுக்கே கை போகும். அதை வெறுங்கையால் தூக்கக் கூடாது. மெல்லிய செம்பு, வளைந்தால் போச்சு. அதற்கென்றே இருக்கும் தாங்கிச் சட்டத்தை மேலே பொருத்தி, திருகுகளைச் சொன்ன வரிசையில் தளர்த்தி, குழாயைச் சட்டத்தோடு சேர்த்து அப்படியே தூக்கி வைக்க வேண்டும்.

இதில் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது, ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு குழாயையும் அறுப்பதில்லை, ஒரு மூட்டையும் பிரிப்பதில்லை. ட்ரேயை உருவும்போது தண்ணீர் இணைப்புகள் தாமாகவே அடைத்துக்கொள்கின்றன. 1985இல் வந்த கிரே-2 கணினியில் மாட்யூல்கள் திரவத்துக்குள் முழுகியே கிடந்தன. ஒன்றைத் தொடுவதற்கும் முதலில் திரவத்தைப் பக்கத்துத் தொட்டிக்கு இறக்கியாக வேண்டும். அங்கிருந்து பார்த்தால் இது நெடுந்தூரம்.

ஆனால் விலை வேறு வகையில் வசூலாகிறது. இடது நோடின் போர்டு பழுதென்றால் நன்றாக ஓடிக்கொண்டிருந்த வலது நோடும் படுக்க வேண்டும். குழாய்க்கும் போர்டின் பாகங்களுக்கும் இடையே வெப்பத்தைக் கடத்தும் மென்மையான கேப் பேடுகள் ஒருமுறை அமுங்கினால் மறுபடி உதவாது, புதிதாக ஒட்டியாக வேண்டும். ஸ்டாக்கில் பேட் இல்லையென்றால் புது போர்டு கையில் இருந்தும் வேலை நிற்கும். பிராசஸரைப் பழைய சாக்கெட்டிலிருந்து புதியதற்கு மாற்ற வேண்டும்; நான்காம் தலைமுறை ஜியானின் சாக்கெட்டில் 4,677 தொடுபுள்ளிகள். அதில் ஒரு முள் சாய்ந்தாலும் வாங்கி வந்த போர்டும் வீண். எல்லாம் பொருத்தியான பிறகு சீரியல் எண் பதிவதும் ஃபர்ம்வேர் ஏற்றுவதும் பாக்கி. காற்றில் குளிரும் சர்வரில் ஹீட் சிங்க்கைத் தூக்கிவிட்டால் முடிகிற இடத்தில், இங்கே பயிற்சி பெற்ற கையும் டார்க் ஸ்க்ரூடிரைவரும் தேவைப்படுகின்றன.

பிராசஸருக்கு மட்டும் தகடு வைத்து, நெகிழும் ஹோஸ் விட்டு, மற்றதை விசிறியிடம் ஒப்படைக்கும் அமைப்புகளும் உண்டு. கழற்றுவது சுலபம். ஆனால் விசிறியும் ஏசியும் போகாது. தண்ணீர் கொண்டுவந்த லாபத்தில் ஒரு பங்கு அங்கேயே கரைந்துவிடும். எனக்கு அது அரைக்கிணறு தாண்டும் வேலையாகவே படுகிறது.

ஆக, குறை குழாயில் இல்லை. பழுது பார்க்கும் ஏற்பாட்டில் இருக்கிறது. உற்பத்தியாளரின் கையேடு போர்டைக் கழற்றும் முறையைப் படிப்படியாகச் சொல்கிறது. எங்கே, யார், எவ்வளவு அவசரத்தில் என்பதைக் கணினி மையங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ரேக்குகளின் நடுவே, மேலதிகாரி கடிகாரம் பார்த்து நிற்க, இந்த வேலையைச் செய்யச் சொல்வது தவறு. ஹாலில் ட்ரேயை மட்டும் மாற்ற வேண்டும். போர்டை நிதானமாக மேசையில் வைத்துக் கழற்றலாம். அதற்குக் கையிருப்பில் முழு ட்ரே ஒன்று தேவை. செலவுதான். ஆனால் வெளியூரிலிருந்து ஆள் வரும்வரை இரண்டு நோடுகள் சும்மா கிடப்பதும் செலவுதானே?

மலைத் தோட்டங்களுக்கு இது புதிய பாடமல்ல. போனக்காட்டுத் தேயிலைத் தொழிற்சாலை மூடிக் கிடந்து பல வருஷமாகிறது; ஆனால் ஓடுகிற எந்தத் தேயிலைத் தொழிற்சாலையும் ஃபிட்டரை உள்ளேயே வைத்திருக்கும். ரோலர் நின்றால், கீழேயிருந்து மெக்கானிக் ஏறி வரும்வரை பறித்த கொழுந்து காத்திருக்காது.

2024 செப்டம்பரில் புனே, டெல்லி, கொல்கத்தாவில் தொடங்கிவைக்கப்பட்ட ‘பரம் ருத்ரா’ கணினிகளின் சர்வரை மத்திய அரசின் சி-டாக் அமைப்பு இங்கேயே வடிவமைத்திருக்கிறது. போர்டின் வரைபடம் நம் கையில் இருக்கும்போது, அதைக் கழற்றும் பயிற்சி மட்டும் விற்கும் நிறுவனத்தின் ஆட்களிடம் ஏன் முடங்க வேண்டும்? அடுத்த டெண்டர் எழுதுபவர்கள் பெட்டாஃப்ளாப் கணக்குக்குக் கீழே மூன்று வரி சேர்க்கட்டும்: கூடுதலாக ஒரு முழு ட்ரே, தாங்கிச் சட்டமும் பேடுகளும் அடங்கிய கருவிப் பெட்டி, மையத்தின் சொந்த ஊழியர் இருவருக்குக் கைப்பயிற்சி. இவை இல்லாத விலைப்புள்ளியில் கையெழுத்துப் போட வேண்டாம்.