சக்கரம் முளைத்த சாளை

நேற்றிரவு நான் தூங்கிய சாளையில், அதாவது சின்னக் குடிலில், என் கை படாத ஒரு திருகுகூட இல்லை. 4 அடி அகலம், 8 அடி நீளம், 4 அடி உயரம். உள்ளே நிற்க முடியாது. உட்காரலாம், கால் நீட்டிப் படுக்கலாம், சன்னலைத் திறந்தால் காங்கேயத்து வானம் முழுக்க நமக்குத்தான். பின்கதவைத் தூக்கினால் அடுப்படி. அடியில் இரண்டு சக்கரம். கோவை வடவள்ளியில், எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில், ஏழு மாத ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டியது. பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். எத்தனை பேசியும் ஆசை தீரவில்லை.

இதன் பெயர் டியர்டிராப் டிரெய்லர். பக்கவாட்டில் பார்த்தால் படுக்கவைத்த நீர்த்துளி. முன்பக்கம் உருண்டு திரண்டிருக்கும், பின்னால் போகப் போகச் சரிந்து ஒடுங்கும். அமெரிக்காவில் 1930-களில், பொருளாதாரம் நொடித்துக் கிடந்த காலத்தில், கையில் காசு குறைந்தவர்களும் ஊர் சுற்றலாம் என்று பிறந்த வண்டி. போர் முடிந்தபின் 1947-ல் ‘மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்’ பத்திரிகை இதற்கொரு வரைபடத்தை வெளியிட்டது. ரம்பம் பிடிக்கத் தெரிந்தவர்கள் தங்கள் வீட்டுக் கொல்லையிலேயே கட்ட ஆரம்பித்தார்கள்.

எனக்கு இதன் மேல் பித்துப் பிடித்ததற்கு அதன் கணக்குதான் காரணம். பிளைவுட் ஷீட் 8-க்கு 4 அடி. தரைக்கு ஒரு ஷீட், இடச்சுவருக்கு ஒன்று, வலச்சுவருக்கு ஒன்று. பலகையின் அளவே வீட்டின் அளவு! மனிதர் படுக்க 6 அடி, அடுப்படிக்கு 2 அடி. ஒரு வீட்டின் கணக்கு இவ்வளவு சுத்தமாக முடிந்து நான் பார்த்ததேயில்லை.

வரைபடத்தை அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தவர், “இது எங்கய்யன் கூண்டு வண்டியாட்டவே இருக்குது கண்ணு” என்றார்.

அம்மாவின் அப்பாவை நாங்கள் அப்புச்சி என்போம். அப்புச்சியின் வண்டியை நான் பார்த்ததில்லை. அம்மா சொல்லித்தான் தெரியும். சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குக் குடும்பமே வண்டி கட்டிப் போகுமாம். உள்ளே வைக்கோல் பரப்பி, அதன் மேல் ஜமக்காளம். பெண்களும் பிள்ளைகளும் கூண்டுக்குள் தூங்குவார்கள், ஆண்கள் வண்டியடியில். மூன்று கல் கூட்டினால் அடுப்பு. வண்டிச் சக்கரத்தில் கட்டிய காளைகள் இரவெல்லாம் அசைபோடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்குமாம். எங்கோ அமெரிக்காவில் பிறந்த புதுச் சுகம் என்று நான் நினைத்ததை எங்கள் அம்மா பாவாடை கட்டிய வயதிலேயே அனுபவித்திருக்கிறார்! கட்டியே தீருவது என்று அன்று முடிவு செய்தேன்.

தைரியம் தந்தவர் இன்னொருவர் உண்டு. நாமக்கல் மாவட்டம் பரமத்தி வேலூரைச் சேர்ந்த இளம் கட்டடக் கலைஞர் அருண் பிரபு. ஓர் ஆட்டோவின் மேல் 6-க்கு 6 அடியில், அதாவது 36 சதுர அடியில், ‘சோலோ 0.1’ என்று ஒரு வீட்டையே கட்டி நிறுத்தினார். படுக்கை, சமையலிடம், குளியலறை எல்லாம் அதற்குள். கூரையில் சோலார் தகடும் 250 லிட்டர் தண்ணீர்த் தொட்டியும் வேறு. செலவு சுமார் 1 லட்ச ரூபாய். 2021-ல் ஆனந்த் மகிந்திரா அதைப் பகிர்ந்து பாராட்ட, நாடு முழுக்கப் பேச்சாயிற்று. அவர் ஆட்டோவில் அத்தனையும் அடக்கியிருக்கிறார், படுக்கையும் அடுப்பும் போதும் என்கிற நான் ஏன் தயங்க வேண்டும்?

முதல் பாடம் பிளைவுட். மழையில் நிற்கப்போகிற வண்டிக்கு ஐ.எஸ். 710 முத்திரை போட்ட மரைன் பலகை வேண்டும். அந்தத் தரத்துக்கான சோதனையே 72 மணி நேரம் கொதிநீரில் போட்டு, ஒட்டு விடுகிறதா என்று பார்ப்பதுதான். நான் மூன்று கடைகளில் துண்டு வாங்கிவந்து, பழைய அலுமினிய அண்டாவில் போட்டு, கொல்லையில் விறகு வைத்து நாள் முழுக்கக் கொதிக்கவிட்டேன். ஒரு துண்டு இரண்டு மணி நேரத்தில் அடுக்கடுக்காகப் பிரிந்து பரோட்டா மாதிரி விரிந்தது. அதிலும் 710 என்று முத்திரை இருந்தது! மற்ற இரண்டும் சாயங்காலம் வரை அசையவில்லை. ஆகவே அன்பர்களே, முத்திரையை மட்டும் நம்பாதீர்கள், ஒரு துண்டைக் கொதிக்கவிட்டுப் பாருங்கள். விறகுச் செலவுதான் ஆகும், வண்டி பிழைக்கும்.

எலும்புக்கூட்டுக்கு என்ன மரம் போடுவது என்று தெரியாமல், கோவையில் 1902 முதல் இருக்கும் காஸ் வன அருங்காட்சியகத்துக்குப் போனேன். மர மாதிரிகளின் முன்னால் நின்று ரேகை ரேகையாகப் பார்த்தபோது, மரத்தை இத்தனை நாள் நிறத்தை வைத்து மட்டுமே பார்த்திருக்கிறோம் என்று உறைத்தது. தேக்கு அழகுதான், ஆனால் விலையும் கனமும் அதிகம். கடைசியில் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு வளர்க்கிற சில்வர் ஓக்கில் ரீப்பர் கட்டைகள் அறுத்து வாங்கினேன். இழைப்புளி போட்டால் பளபளவென்று சின்னச் சின்னப் புள்ளிகளாக ரேகை மின்னும். ஒவ்வொரு கட்டையையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முடித்ததும் கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன். அவ்வளவு வழவழப்பு.

பக்கச்சுவரின் வளைவை வரைவதுதான் இந்த வண்டிக்கு உயிர். கணினியில் பத்துத் தடவை வரைந்தும் மனசுக்கு ஒட்டவில்லை. பிறகு ஒரு மூங்கிலைப் பிளந்து, நீளமான பிளாச்சு ஒன்றை எடுத்து, ஷீட்டின் மேல் ஆணிகள் அடித்து அவற்றோடு வளைத்து வைத்தேன். மூங்கில் தானாக ஒரு வளைவைத் தேடிக்கொள்கிறது. ஓர் ஆணியைச் சற்றுத் தள்ளினால் முழு வளைவும் அதற்கேற்ப மெல்ல நெளிந்து இசைகிறது. எங்கும் முட்டில்லை, தட்டையில்லை. கூண்டு வண்டியின் கூண்டை வளைத்ததும் இதே மூங்கில் பிளாச்சுதானே! பென்சிலால் அந்தக் கோட்டை இழுத்தபோது எனக்குக் கை நடுங்கியது. இரண்டு ஷீட்டையும் ஒன்றாகத் திருகி இணைத்து, ஒரே அறுப்பில் அறுத்தேன். இரு சுவரும் இம்மி பிசகாமல் அமைந்தன.

கூரையில்தான் முதல் அடி வாங்கினேன். 4 மி.மீ. பிளைவுட்டை முன்வளைவில் அழுத்தியதும் படீரென்று குறுக்கே முறிந்தது. அன்று இரவு சோறு இறங்கவில்லை. மறுநாள் உடைந்த துண்டை உற்றுப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. மேல் அடுக்கின் ரேகை ஷீட்டின் நீளவாக்கில் ஓடுகிறது. ரேகையை மடிக்க முயன்றால் பலகை எதிர்க்கும், ரேகை வண்டியின் அகலவாக்கில் படுத்திருந்தால் பாய் சுருட்டுகிற மாதிரி வளையும். வேறொரு ஷீட்டை 4-க்கு 4 ஆக இரண்டாக அறுத்து, திருப்பிப் போட்டு, சுடுதண்ணீரில் நனைத்த கோணிச்சாக்கை விரித்து அரை மணி நேரம் விட்டேன். பிறகு லாரிக் கயிறு போட்டு மெல்ல மெல்ல இறுக்க, அது முனகிக்கொண்டே சட்டத்தின் மேல் படிந்தது. அந்த முனகல் இன்னும் என் காதில் இருக்கிறது. மரம் சம்மதித்த சத்தம் அது!

இரண்டு அடுக்குப் பலகை, நடுவில் வெயிலைத் தடுக்கத் தெர்மாகோல், மேலே அலுமினியத் தகடு. கதவு ரப்பருக்கும் ஓரப் பீடிங்குக்கும் கரூருக்குப் போனேன். தென்னிந்தியாவுக்கே பஸ் பாடி கட்டித் தருகிற ஊராயிற்றே, மழை உள்ளே வராமல் கதவு அடைப்பது எப்படி என்று அங்கே கேட்காமல் வேறெங்கே கேட்பது? அச்சையும் சட்டத்தையும் கோவை கணபதியில் ஒரு பட்டறையில் செய்தோம். இந்த ஊரில் பிறந்ததற்கு நான் பெருமைப்படுகிற இடம் இதுதான். பேப்பரில் கோடு போட்டுக்கொண்டு போனால் போதும், “எதுக்குங்க இது?” என்று ஆர்வமாகக் கேட்டு, நம்மைவிட நல்ல யோசனை சொல்ல நாலு பேர் இருப்பார்கள்.

அச்சை எங்கே வைப்பது என்ற கேள்விக்குப் பதில் சொன்னவர் எழுபதைத் தாண்டிய ஓர் ஆசாரி. அந்தக் காலத்தில் கட்டை வண்டி செய்தவர். வெளிநாட்டுக் குறிப்புகளில் படித்ததைச் சொன்னேன், மொத்தக் கனத்தில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு முன்கொக்கியில் இறங்க வேண்டுமாம் என்று. சிரித்தபடி தலையாட்டினார்.

“அது முன்பாரமுங் தம்பி. பின்பாரம் ஆச்சுன்னா நுகம் மேல தூக்கிக்கும், பூட்டாங்கயிறு மாட்டுக் கழுத்தை இறுக்கிப்போடும். முன்பாரம் மிஞ்சுனா மாடு மண்டி போட்டுரும். வண்டிக்காரன் உக்கார்ற எடத்தைச் சித்தெ முன்னப் பின்ன நகத்தியே செரி பண்ணுவோம்.”

எனக்குச் சிலிர்த்துவிட்டது. மாட்டுக்குப் பதில் ஜீப் என்றால் பின்பாரத்தில் டிரெய்லர் வாலாட்டும், வேகமாகப் போனால் இழுக்கிற வண்டியையே கவிழ்த்துவிடும். விதி ஒன்றுதான்! அவர் சொற்படி அச்சை நடுவிலிருந்து சற்றுப் பின்னே தள்ளி வைத்தோம். எல்லாம் ஏற்றியபின் 350 கிலோ, முன்கொக்கியில் 42. முன்னால் நீளும் இரும்புச் சட்டத்துக்கு அன்று முதல் எங்கள் வீட்டில் ஏர்க்கால் என்றுதான் பெயர்.

உள்ளே எல்லாமே நம் ஊர்ச் சரக்கு. படுக்கை பொள்ளாச்சித் தென்னை நார் மெத்தை, மேலே பவானி ஜமக்காளம், போர்த்திக்கொள்ளச் சென்னிமலைப் போர்வை. பின்கதவைத் தூக்கினால் அதுவே தாழ்வாரம், அதன் நிழலில் ஒற்றை அடுப்பு. அதில் முதன்முதலில் பொங்கியது அரிசிம்பருப்புச் சோறு. சின்ன வெங்காயம் வதங்கிய வாசனையோடு, ஒரு கரண்டி நெய் விட்டு, நின்றபடியே சாப்பிட்டோம். அந்த ருசியை எந்த ஓட்டலிலும் நான் கண்டதில்லை.

கட்ட நினைக்கிறவர்களுக்கு இரண்டு சொல்ல வேண்டும். ஒன்று, காற்று. இத்தனை சிறிய அறையில் இருவர் தூங்கினால் விடியும்போது சுவர் வியர்த்திருக்கும். எதிரெதிரே இரண்டு சன்னலும் கூரையில் ஒரு திறப்பும் கட்டாயம். இரண்டு, சட்டம். மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம்தான், பதிவில்லாமல் பொதுச்சாலையில் இழுக்கக் கூடாது. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றித் தங்குவதும் குற்றம். அதனால் எங்கள் வண்டியை லாரியில் ஏற்றிக் காங்கேயம் பக்கத்து அப்புச்சி காட்டுக்குக் கொண்டுபோனோம். கிளுவை வேலிக்குள் எங்கள் சொந்த மேய்ச்சல் நிலமான கொறங்காடு, கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். டிராக்டரில் மாட்டி, ஒரு மாதம் கிணற்றோரம், ஒரு மாதம் மரத்தடி என்று நகர்த்திக்கொள்கிறோம். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றுக்கு உருண்ட முகத்தை மேற்கே திருப்பி நிறுத்தினேன். ஊளையிட்டு வந்த காற்று கூரை மேல் வழுக்கிக்கொண்டு போயிற்று, வண்டி அசையவில்லை.

நேற்று அம்மாவை அழைத்துப் போயிருந்தேன். ஐப்பசி மேகம் கிழக்கே கருத்துக்கொண்டிருந்தது. அம்மா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அலுமினியத் தகட்டைத் தடவினார், சக்கரத்தைப் பார்த்தார். ஏறுவார் என்று நான் கதவைத் திறந்துகொண்டு நின்றேன். அவரோ முன்பக்கம் போய் ஏர்க்காலருகே நின்றுவிட்டார்.

“முன்பாரம் பாத்தயா கண்ணு?”

அந்த ஆசாரி சொன்னதை நான் அம்மாவிடம் சொல்லியிருக்கவில்லை. குனிந்து ஏர்க்காலைத் தூக்கிக் காட்டினேன். பாரமாக எழுந்தது, விட்டதும் நிதானமாக இறங்கி உட்கார்ந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், “அப்பச் செரி” என்று சொல்லிவிட்டு, சேலையைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு உள்ளே ஏறினார்.

இரவு மழை கொட்டியது. ஒரு சொட்டு உள்ளே விழவில்லை.